மொத்தம் மாறாது என்று எடுத்துக்கொள்வோம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி. நாற்பத்தொன்றாவது பெட்டியோடு
எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.
எண்ணுவதே பிழைப்பாகிவிட்டால்
எண்ணாமல் நிற்கவும் பழக வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பவை மூன்றே பெட்டிகள்:
வராதவர், வந்தவர், வந்துபோனவர்.
மணல்வாரிக்கு இவை போதும்.
முதல் பெட்டியின் பிள்ளை இரண்டாவதில் விழ
வந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும்,
ஒரே பாயில், ஒரே ஷேர் ஆட்டோவில்,
ஒன்றாம் வகுப்பு பெஞ்சில்.
எட்டு நாள் கழித்து மூன்றாவது பெட்டி.
அங்கிருந்து யாரும் திரும்புவதில்லை.
ஊசி போட்டவர்களுக்குக் குறுக்குவழி உண்டு.

பிறகு அலை அடங்கும்,
பற்றிக்கொள்ள ஆள் தீர்ந்துபோவதால்.
கூழ் ஊற்றியதால் அல்ல.
(கூழ் ஊற்றுகிறவர்களிடம் இதைச் சொன்னதில்லை,
கூழ் நன்றாக இருக்கும்.)
ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில்
இரவெல்லாம் வீல் வீல் என்று
முதல் பெட்டி மறுபடி நிரம்பும்.
இரண்டு வருடம் பிடிக்கும்.
பிறகு மறுபடி.

காசிமேட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.
அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடந்தால்
கடலில் குஞ்சு பெருகும்.
தடை முடிந்த முதல் வாரம் வலை கனக்கும்,
போகப்போக டீசலுக்குக்கூடக் கட்டாது.
அதே சமன்பாடுதான் என்றேன்.
"அப்போ நோய்தான் போட்டுல போவுதா?"
என்றார் மெக்கானிக் தேசப்பன்.
ஆமாம்.
"புள்ளைங்க மீனு."
ஆமாம்.
வெகுநேரம் ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எண்கள் என்னுடையவை அல்ல, எப்சிபாவுடையவை.
பதினாறு வருடமாக வார்டு செவிலியர்.
ஆஸ்பத்திரிக்கு வராத நோயை அவள்
வாசலில் சொருகிய வேப்பிலையை வைத்து எண்ணினாள்.
ஒரு கொத்துக்கு ஒரு கோடு,
அதே வீட்டில் இரண்டாவது பிள்ளை என்றால்
கோட்டின் தலையில் ஒரு புள்ளி.
மழையில் மை கரைந்த பக்கங்களை
நான் சராசரியால் நிரப்பினேன்.

பதினாறு வருடத்தில் எட்டு மேடுகள்,
ஒன்றைவிட ஒன்று தாழ்வாக.
ஒன்பதாவது இந்தப் பங்குனியில் வர வேண்டும்.
கால்வாயோரம் இருசப்பன் சந்தில்தான்
ஒவ்வொரு முறையும் தொடங்கும்.

வரவில்லை.
கோடு தரையோடு படுத்துக்கிடந்தது.
மண்டல அலுவலகத்தில் கைகுலுக்கினார்கள்,
எனக்கும் ஒரு துண்டு பால்கோவா.
பூஜ்ஜியம் அவ்வளவு இனிக்கும் என்று
அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கேட் திறந்தது.

சந்து இருந்தது. பெயர்ப்பலகை இருந்தது.
கால்வாய் இருந்தது, அதே கறுப்பில்.
வீடுகள் இல்லை.
செங்கல் பொடி, கவிழ்ந்த சிமெண்ட் தொட்டி,
இடிக்க மறந்த ஒரு சுவரில்
சிவப்பு பெயிண்டில் 117.
எனக்கு முன்னால் வேறு யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

"ஐப்பசியில லாரி வந்துச்சு" என்றார் டீக்கடைக்காரர்.
"பெரும்பாக்கம். எட்டு மாடி.
அரையாண்டு கூட எழுத வுடல."

பைக்குள் இருந்த பதிவேட்டை
அங்கேயே நின்று பிரித்தேன்.
எப்சிபா மறைக்கவில்லை.
இருசப்பன் சந்துக்கு நேரே, வாராவாரம்,
அழுத்தமான கையெழுத்தில்:
வாசல் இல்லை.
வாசல் இல்லை.
நான்தான் அதைப் பூஜ்ஜியம் என்று படித்தேன்.

மொத்தம் மாறாது என்று எடுத்துக்கொள்வோம்:
என் கணக்கின் முதல் வரி.
எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

இப்போது அங்கே
ஏழெட்டுக் கரைகளிலிருந்து இறக்கிய வராதவர்கள்
பாதி நாள் ஓடாத ஒரே லிஃப்ட் முன்னால்
நெருக்கியடித்து நிற்பார்கள்.
வீட்டுக்கு எத்தனை பேர், தெரியாது.
எந்தப் பிள்ளையின் ஊசி அட்டை
எந்த லாரியில் விழுந்தது, தெரியாது.
தோராயமாகப் போட்டுப் பார்த்ததில்
தை மாதம் வருகிறது.

எப்சிபாவுக்குப் போன் செய்தேன்.
அவள் வார்டு அங்கே செல்லாது,
அவளுக்கும் அது தெரியும்.
ஆனாலும் கேட்டாள்,
"அங்க வேப்பமரம் இருக்கா?"